சஞ்சீவி மலையும் ஒரு விண்ணப்பமும்

அனுமன் செய்த காரியங்களையெல்லாம் ஒரு தட்டிலும், சஞ்சீவி மலையைத் தூக்கி வந்த காரியத்தை மற்றொரு தட்டிலும் வைத்தால், இரண்டாவது தட்டுத்தான் தாழும் என்பது என் எண்ணம். போர்க்களத்தில் இலட்சுமணன் மூர்ச்சித்துக் கிடக்கிறான். அவனைப் பிழைக்க வைக்கும் மூலிகை வடக்கே ஒரு மலையில் இருக்கிறது. அனுமன் போகிறான், மலையைக் காண்கிறான், ஆனால் எது அந்த மூலிகை என்று அவனுக்குத் தெரியவில்லை. வேறொருவனாக இருந்தால், “எனக்குத் தாவர சாஸ்திரம் பழக்கமில்லை, தெரிந்த ஆளை அனுப்புங்கள்” என்று திரும்பி வந்திருப்பான். அனுமனோ மலையையே பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டான்! இந்தக் காலத்து மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வில் அவனை உட்கார வைத்திருந்தால், மூலிகையை அடையாளம் காட்டும் கேள்விக்கு ஒரு மதிப்பெண்ணும் கிடைத்திராது. தப்பான விடை எழுதியதற்காக இருப்பதில் ஒன்றைக் கழித்துக்கொண்டும் இருப்பார்கள். ஆனாலும் நோயாளி பிழைத்துவிட்டான் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

மலையைச் சுமந்துகொண்டு ஆகாய மார்க்கமாக அவன் போனபோது, சில துண்டுகள் உதிர்ந்து கீழே விழுந்தன என்றும், அவைதாம் நார்த்தாமலைக் குன்றுகள் என்றும் புதுக்கோட்டைச் சீமையில் சொல்வார்கள். புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்குப் போகும் வழியில், சுமார் பதினேழு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது இந்த ஊர். மேலமலை, கடம்பர் மலை, ஆளுருட்டி மலை, பொம்ம மலை, உவக்கன் மலை என்றெல்லாம் ஒன்பது குன்றுகள், கூட்டமாகப் படுத்து அசைபோடும் எருமைகளைப் போல வெயிலில் கிடக்கின்றன. சஞ்சீவி மலையின் துண்டுகள் அல்லவா? ஆகையால் இங்கே அரிய மூலிகைகள் உண்டு என்பது ஊர் நம்பிக்கை. பூமியின் வயதை ஆராய்கிறவர்கள் இந்தப் பாறைகளுக்கு வேறு ஜாதகம் எழுதுவார்கள். எழுதட்டும். வைத்தியத்தைத் தேடிப் போனவன் ஒருவனுடைய ஞாபகம் தங்கள் ஊர்க் கல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று மக்கள் நினைத்தார்களே, அந்த நினைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

ஊர்ப் பெயருக்கும் ஒரு கதை இருக்கிறது. ‘நகரத்தார் மலை’ என்பதுதான் நார்த்தாமலை ஆயிற்று என்பார்கள். நகரத்தார் என்றால் வணிகர் சபையார். சோழர் காலத்தில் இது பெரிய வியாபார ஸ்தலமாக இருந்தது. இன்றைக்கு இந்த ஊரின் பெயரைத் தமிழ்நாடு அறிந்திருப்பதற்குக் காரணம் முத்துமாரியம்மன். பங்குனித் திருவிழாவில் சுற்று வட்டாரம் முழுவதும் இங்கே திரண்டுவிடும். அம்மைக்கு மருந்து தெரியாத காலத்தில், மக்கள் தங்கள் விண்ணப்பத்தைக் கொண்டுவந்து வைத்தது அம்மன் சந்நிதியில்தான். அந்த விண்ணப்பத்துக்குப் படிவம் இல்லை. கடைசித் தேதி இல்லை. சான்றிதழ் நகலும் வேண்டியதில்லை.

மேலமலையின் மேல் விஜயாலய சோழீச்சுரம் என்ற அழகான கற்கோயில் நிற்கிறது. அதற்கு எதிரே பாறையைக் குடைந்து செய்த இரண்டு குகைக் கோயில்கள் உள்ளன. அவற்றில் ஒன்றுக்குப் பழியிலி ஈச்சுரம் என்று பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்க பல்லவன் ஆட்சிக் காலத்தில், முத்தரையர் குலத்தில் வந்த சாத்தன் பழியிலி என்பவன் அதைக் குடைவித்தான். குகைக்கு முன்னால் மண்டபத்தையும் நந்தியையும் பலிபீடத்தையும் செய்து வைத்தவள் அவனுடைய மகள். பழியிலி சிறிய நங்கை என்று அவள் பெயரைக் கல்வெட்டுச் சொல்கிறது.

ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு மேல் ஆகியும் ஒரு பெண்ணின் பெயர் கல்லில் நிற்கிறது என்று படித்தவுடன் நாம் பூரித்துப் போகிறோம். பூரிக்கலாம். ஆனால் அதே கல்வெட்டு இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறது. அவள் இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி என்பதையும் சேர்த்தே பொறித்திருக்கிறார்கள். தகப்பன் ஒரு சிற்றரசன். கணவன் ஒரு தலைவன். பக்தி அவளுடையது, மனசு அவளுடையது, ஆனால் உளியும் ஆளும் பொன்னும் அவள் கைக்கு எட்டும்படி யாரோ வழி விட்டிருக்கிறார்கள். சரித்திரத்தில் ஒரு பெயரைப் படிக்கும்போது, அந்தப் பெயருக்குப் பின்னால் நிற்கிற பெயர்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நாவல் எழுதுகிறவனுக்கு இது தொழில் பழக்கம். கதாநாயகி மாடியிலிருந்து இறங்கி வருகிறாள் என்று எழுதினால், மாடிப் படியைக் கட்டியது யார் என்று யோசிக்காமல் இருக்க முடிவதில்லை.

மேலமலையைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிய ஒரு நாள், அடிவாரத்துக் கடையொன்றில் மோர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தேன். கடைக்காரருடைய மகள் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் உறையில் இருந்த காகிதங்களை எடுத்து எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையில் அரசுப் பள்ளியில்தான் படித்தாள் என்பதற்கு ஒரு சான்றிதழ் – இப்படி ஒரு கட்டு. சென்ற வருஷம் மருத்துவத்துக்கான நுழைவுத் தேர்வு எழுதி, மதிப்பெண் போதாமல், இந்த வருஷம் மறுபடியும் எழுதப் போகிறாளாம்.

“நீங்களே சொல்லுங்க, சார்! பொம்பளைப் புள்ளைக வாசப்படி தாண்டாத காலத்துல, நம்ம புதுக்கோட்டையில பொறந்த முத்துலட்சுமி அம்மா டாக்டருக்குப் படிக்கலையா? அவுகளைப் பாத்துப் படின்னா, இது மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிது” என்றார் கடைக்காரர்.

அந்தப் பெண் தலை நிமிராமலே, “அவுகளுக்கு அப்ளிகேஷன் யாரு போட்டுக் குடுத்தாக, சார்?” என்று கேட்டாள்.

கேள்வியில் குத்தல் இருந்தது. ஆனால் அது வெறும் குத்தல் அல்ல. நல்ல சரித்திரக் கேள்வி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரைப் பற்றி மேடைகளில் எவ்வளவோ பேசுகிறோம். அவர் எப்படிப் படித்தார் என்று கேட்கிறோம். எப்படிச் சேர்ந்தார் என்று கேட்பவர்கள் குறைவு. அந்தப் பெண்ணின் கேள்விக்கு விடையாகவே இதை எழுதுகிறேன்.

முத்துலட்சுமி நார்த்தாமலையில் பிறந்தவர் அல்ல. புதுக்கோட்டை நகரத்தில் 1886ஆம் வருஷம் ஜூலை மாதம் 30ஆம் தேதி பிறந்தவர். அப்போது இந்தச் சீமை முழுவதும் தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானம். நார்த்தாமலையும் அதற்குள்தான் இருந்தது. தந்தையார் நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்த கல்விமான். தாயார் சந்திரம்மாள், இசையும் நடனமும் தெரிந்த தேவதாசி மரபில் வந்தவர். அந்தத் திருமணத்தை ஐயருடைய உறவினர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆகவே குழந்தைக்கு இரண்டு பக்கத்திலும் ஊரின் பார்வை கூர்மையாகவே இருந்தது.

அந்தக் காலத்து வழக்கப்படி, பதின்மூன்றாவது வயதில் பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். தாயாருக்குச் சீக்கிரமே கல்யாணம் செய்துவிட வேண்டும் என்ற கவலை. தாயாரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? தம்முடைய குலத்துப் பெண்ணுக்கு ஊர் என்ன வழி வைத்திருக்கிறது என்பதை அந்த அம்மாளைவிட அறிந்தவர் யார்? ஆனால் தந்தையார் படிப்பை நிறுத்தவில்லை. வீட்டிலேயே பாடம் நடந்தது. வகுப்பில் பக்கத்தில் உட்கார ஒரு தோழி இல்லை. இது முக்கியம், இது வேண்டாம் என்று காதோடு சொல்ல ஆள் இல்லை. தான் முன்னே போகிறோமா பின்னே போகிறோமா என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் ஒருவர் இல்லை. தனியாகப் பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்குத்தான் தெரியும், பாடத்தைவிடத் தனிமை எவ்வளவு கடினம் என்று. 1902ஆம் வருஷம் மெட்ரிகுலேஷன் பரீட்சையை எழுதித் தேறினார் முத்துலட்சுமி. வயது பதினாறு.

பரீட்சை முடிந்தது. இங்கேதான் சாதாரணமாக நாம் கைதட்டிவிட்டுக் கதையை முடித்துவிடுகிறோம். ஆனால் உண்மையில் கதை இங்கேதான் ஆரம்பமாகிறது. பரீட்சை எழுதுவது ஒரு காரியம்; பரீட்சையில் தேறியவளை உள்ளே விடுவது வேறு காரியம். முதலாவது எழுதுகிறவள் கையில் இருக்கிறது. இரண்டாவது அவள் கையில் இல்லை.

இது புதுக்கோட்டைக்கு மட்டும் ஏற்பட்ட விசித்திரம் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் 1847ஆம் வருஷம் எலிசபெத் பிளாக்வெல் என்ற பெண் பல மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டுப் பார்த்தாள். நியூயார்க் மாகாணத்தில் ஜெனீவா என்ற ஊரில் இருந்த கல்லூரி ஆசிரியர்கள், மறுக்கவும் மனமில்லாமல் ஏற்கவும் துணிவில்லாமல், “நீங்களே முடிவு செய்யுங்கள்” என்று மாணவர்களிடம் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். மாணவர்கள் யாரோ விளையாடுகிறார்கள் என்று எண்ணி, வேடிக்கையாகச் சம்மதம் தெரிவித்தார்கள். வேடிக்கையில் திறந்த கதவு வழியாக உள்ளே போன பெண், 1849இல் பட்டம் பெற்று வெளியே வந்தாள்.

எடின்பரோவில் நடந்தது வேடிக்கை அல்ல. 1869இல் சோபியா ஜெக்ஸ்-பிளேக் என்பவரும் அவருடைய தோழியரும் அங்கே பல்கலைக்கழகப் பிரவேசப் பரீட்சையில் தேறி மருத்துவம் படிக்கச் சேர்ந்தார்கள். 1870 நவம்பர் 18ஆம் தேதி உடற்கூறு பரீட்சை எழுதப் போனபோது, ஒரு பெருங்கூட்டம் வழியை மறித்தது. வாயிற்கதவை முகத்தில் அடித்துச் சாத்தியது. எப்படியோ உள்ளே போய்ப் பரீட்சை எழுத உட்கார்ந்தால், மண்டபத்துக்குள் ஓர் ஆட்டைத் துரத்திவிட்டார்கள்! ஆட்டுக்கு இருந்த நுழைவு உரிமை அந்தப் பெண்களுக்கு இல்லை என்று அர்த்தம் போலும். பரீட்சைகளில் அவர்கள் தேறினார்கள். ஆனாலும் பெண்களுக்குப் பட்டம் தர மறுக்கப் பல்கலைக்கழகத்துக்கு உரிமை உண்டு என்று 1873இல் அந்நாட்டு நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

நம்முடைய சென்னை இந்த விஷயத்தில் எடின்பரோவை முந்திக்கொண்டது என்று சொல்லிக்கொள்ளலாம். 1835இல் மருத்துவப் பள்ளியாகத் தொடங்கி, பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியாக வளர்ந்த ஸ்தாபனத்தில், 1875ஆம் வருஷமே நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் மேரி ஷார்லீப், சென்னையில் வக்கீலாக இருந்த ஆங்கிலேயர் ஒருவரின் மனைவி. ஆண் வைத்தியர்களிடம் காட்ட மாட்டோம் என்று அந்தப்புரத்தில் பிரசவ வேதனையில் மடிகிற பெண்களைப் பற்றிக் கேள்விப்பட்டு மருத்துவம் படிக்க வந்தவர். அவருக்கும் ஒரு வாயில் காப்போன் தயவு வேண்டியிருந்தது. மாகாணத்தின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த எட்வர்ட் பால்ஃபர் என்பவர் ஆதரித்ததனால் கதவு திறந்தது. பிற்பாடு கோஷா ஸ்திரீகளுக்காகச் சென்னையில் தனி ஆஸ்பத்திரி ஏற்பட ஷார்லீப் காரணமாக இருந்தார். திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று இன்று வழங்குவது அதுதான்.

கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்க மறுத்த நாளில், அபலா தாஸ் என்ற வங்காளப் பெண் 1882இல் சென்னைக்கு வந்து படித்தார். விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸின் மனைவியானவர் இவரே. உடல் நலம் இடம் கொடுக்காமல் படிப்பை முடிக்காமலே திரும்பினார். அவருக்கும் முன்னால், 1878இல் கிருபாபாய் என்ற இந்தியக் கிறிஸ்தவப் பெண் இதே கல்லூரியில் சேர்ந்தார், நன்றாகப் படித்தார், அவருக்கும் உடம்பு ஒத்துழைக்கவில்லை. படிப்பை விட்டவர் பேனாவைப் பிடித்தார். கிருபாபாய் சத்தியநாதன் என்ற பெயரில் ஆங்கிலத்தில் இரண்டு நாவல்கள் எழுதி, இந்தியப் பெண் நாவலாசிரியர்களின் முதல் வரிசையில் இடம் பெற்றார். மருத்துவம் கைநழுவிப் போன ஒரு பெண்ணால் எங்கள் தொழிலுக்கு லாபம் என்று நான் சந்தோஷப்பட்டால், வாசகர்கள் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இவற்றையெல்லாம் சொல்லக் காரணம் உண்டு. இந்தியாவிலேயே முதல் பெண் டாக்டர் முத்துலட்சுமிதான் என்று உற்சாக மிகுதியில் சிலர் சொல்லிவிடுகிறார்கள். 1886இலேயே ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவில் பட்டம் பெற்றுவிட்டார். அதே ஆண்டில் காதம்பினி கங்கூலி கல்கத்தாவில் படிப்பை முடித்துவிட்டார். முத்துலட்சுமி பிறந்த வருஷமும் அதுவேதான். இல்லாத பட்டத்தைச் சூட்டுவது அவருக்குப் பெருமை சேர்க்காது. அவருக்கு உண்மையாக இருக்கிற பெருமையே போதும். அது புதுக்கோட்டையில், 1904ஆம் வருஷத்தில் இருக்கிறது.

சென்னைக்குப் போய் மருத்துவம் படிக்க வேண்டுமானால் முதலில் எஃப்.ஏ. வகுப்புத் தேற வேண்டும். எஃப்.ஏ. படிக்க ஊரில் இருந்தது மகாராஜா கல்லூரி. அது ஆண்கள் படிக்கும் கல்லூரி. ஒரு பெண் அங்கே சேர விண்ணப்பம் போட்டாள் என்றதும் ஊர் இரண்டுபட்டது. அவர் பெண் என்பது ஓர் ஆட்சேபம். தாயார் பிறந்த குலம் மற்றோர் ஆட்சேபம். மாணவர்கள் கெட்டுப்போவார்கள் என்றார்கள். மெட்ரிகுலேஷனில் வாங்கிய மார்க்கைப் பற்றி ஒருவரும் பேசவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தில் மார்க்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் படித்தார்கள்.

கடைசியில் விஷயம் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானிடம் போயிற்று. அவர் சிறு பிள்ளையாகப் பட்டத்துக்கு வந்ததும் 1886இல்தான். ஆட்சேபங்களை மன்னர் தள்ளிவிட்டு, பெண்ணைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். உபகாரச் சம்பளமும் கொடுத்தார். மூடு வண்டியில் கல்லூரிக்குப் போய், ஆண் பிள்ளைகள் பார்க்காதபடி ஒரு திரைக்குப் பின்னால் உட்கார்ந்து முத்துலட்சுமி பாடம் கேட்டார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். கதவு திறந்தது, ஆனால் கதவுக்குள் ஒரு திரை! சமூகம் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடித்துக்கொள்வது எப்போதுமே இப்படித்தான்.

எஃப்.ஏ. தேறினார். பெண்ணை உபாத்தியாயினியாக்கலாம் என்று தந்தையார் நினைத்தார். அவருடைய மனமோ மருத்துவத்தில் இருந்தது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பல பதக்கங்களும் பரிசுகளும் வாங்கி, 1912இல் பட்டம் பெற்றார். சென்னை அரசினர் மகப்பேறு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாக வேலை பார்த்த முதல் பெண் அவரே. பதின்மூன்றாவது வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட நாளிலிருந்து பட்டம் வாங்கிய நாள் வரையில் பதின்மூன்று வருஷங்கள்! அவருடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் அருகதை கிடையாது.

ஆயினும், நார்த்தாமலைப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். அவருக்கு அப்ளிகேஷன் போட்டுக் கொடுத்தது யார்? வீட்டிலேயே ஒரு கல்லூரி முதல்வர் இருந்தார். பாடம் சொன்னதும் அவர் ஏற்பாடு. எந்த வாயிலை எந்த நேரத்தில் தட்ட வேண்டும் என்று தெரிந்தவரும் அவர். அரண்மனையில் ஒரு மன்னர் இருந்தார். அந்த மன்னர் மட்டும் அன்றைக்கு, “ஊர் சொல்வது நியாயந்தானே?” என்று தலையாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முத்துலட்சுமியின் மூளையில் ஓர் அணுவும் குறைந்திராது. மெட்ரிகுலேஷன் மார்க்கில் ஒன்றும் கழிந்திராது. ஆனால் நமக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி கிடைத்திருக்க மாட்டார். அப்படிக் கிடைக்காமல் போனவர்கள் அந்தக் காலத்தில் எத்தனை பேர்? விண்ணப்பமே போடாதவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

எத்தனை பேர் என்பதற்கு ஒரு சின்னக் குறிப்பு மட்டும் கிடைக்கிறது. 1918இல் வேலூரில் ஐடா ஸ்கட்டர் அம்மையார் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். முதல் வருஷமே 151 விண்ணப்பங்கள் வந்தன! புதுக்கோட்டையில் ஒரே ஒரு விண்ணப்பத்துக்காக ஊர் இரண்டுபட்டுப் பதினான்கு வருஷங்களே ஆகியிருந்தன. இதற்குள் பெண்களுக்குத் திடீரென்று மூளை வளர்ந்துவிட்டதா? இல்லை. வாங்கிக்கொள்ள ஒரு கை நீண்டதும், கொடுக்க நூற்றைம்பது கைகள் நீண்டன. அவ்வளவுதான்.

1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. மன்னர் போனார், விண்ணப்பத்தைப் படிக்கக் குழுக்கள் வந்தன. மன்னருக்கு மனசாட்சி ஒன்றுதான் சட்டம். குழுவுக்கு விதிகள் உண்டு. இது பெரிய முன்னேற்றம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் விதிகளும் மனிதர்கள் எழுதியவைதாமே? ஜனத்தொகைப்படி மாவட்டத்துக்கு இத்தனை இடம் என்று மருத்துவக் கல்லூரி இடங்களைப் பங்கிட்டார்கள். தகுதி கூடியவன் ஒரு மாவட்டத்தில் வெளியே நிற்க, குறைந்தவன் இன்னொரு மாவட்டத்தில் உள்ளே போகிறான் என்று சொல்லி, 1968இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாததாக்கியது. பிறகு, பல்கலைக்கழகத் தேர்வு மதிப்பெண்ணோடு நேர்முகத் தேர்வுக்கு 75 மதிப்பெண் வைத்தார்கள். சில நிமிஷப் பேச்சில் ஒரு பிள்ளையின் தலைவிதியை எப்படி அளப்பது என்று அதுவும் 1970இல் நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளாயிற்று. 1984இல் மாநில அரசு நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்தது. கிராமத்துப் பிள்ளைகள் பின்தங்கிப் போகிறார்கள் என்று சொல்லி, 2007ஆம் ஆண்டு முதல் அதை எடுத்துவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணையே அளவுகோலாக்கியது. 2017 முதல் அகில இந்தியாவுக்கும் ஒரே தேர்வாகிய ‘நீட்’ தமிழ்நாட்டுக்கும் வந்து சேர்ந்தது.

சரித்திரம் சில சமயம் நாவலாசிரியனைவிடத் துணிச்சலாகக் கதை கட்டும். புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்ததும் அதே 2017இல்தான்! முத்துலட்சுமி சென்னைக்குப் போய்ப் படித்ததற்கு நூற்றுப் பத்து வருஷங்களுக்குப் பிறகு, கல்லூரி ஊருக்கே வந்தது. வந்த வருஷத்திலேயே அதன் பூட்டு மாற்றப்பட்டது. பழைய சாவிக்காக இரண்டு வருஷம் பாடுபட்ட பிள்ளைகள், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றார்கள். அரியலூர் மாவட்டத்தில், சுமை தூக்கும் தொழிலாளி ஒருவரின் மகள், பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 வாங்கியவள், நியாயம் கேட்டு உச்ச நீதிமன்றம் வரையில் போய்ப் பார்த்துவிட்டு, அந்தச் செப்டம்பர் மாதம் முதல் தேதி உயிரை விட்டாள். அடுத்த வருஷம், தமிழில் கொடுத்த வினாத்தாளில் 49 கேள்விகளின் மொழிபெயர்ப்புப் பிழையாக இருந்தது என்று வழக்கு வந்தது. சென்னை உயர் நீதிமன்றக் கிளை, கேள்விக்கு நான்கு வீதம் 196 மதிப்பெண் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. 2020இல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவிகித இடங்களை ஒதுக்கி மாநில அரசு சட்டம் செய்தது. மோர்க் கடையில் அந்தப் பெண் அடுக்கிய கட்டில் அரசுப் பள்ளிச் சான்றிதழ் இருந்ததே, அது இந்தச் சட்டத்தின் குழந்தைதான்.

இவற்றில் எந்த முறை சிறந்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதி அல்ல. ஒன்று மட்டும் சரித்திரத்திலிருந்து தெளிவாகத் தெரிகிறது. ஒவ்வொரு முறையும் ஓர் அநியாயத்தை வெளியே தள்ளுவதற்காகக் கதவை மாற்றினார்கள். ஒவ்வொரு புதுக் கதவுக்கும் உயரம் வைத்தவர்கள், அதற்குள் தாங்கள் நிமிர்ந்து போக முடிகிறதா என்று பார்த்துத்தான் வைத்தார்கள். பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டக்கூடியவர்களின் பிள்ளைகளுக்குக் கதவு சரியாகவே இருக்கிறது. நார்த்தாமலை அடிவாரத்திலிருந்து வருகிற பிள்ளை குனிய வேண்டியிருக்கிறது. தலை இடித்துக்கொண்டால், “பார்த்து நடக்கத் தெரியவில்லை” என்கிறோம்.

ஆகையால், பெற்றோர்களே, உபாத்தியாயர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். முத்துலட்சுமி அம்மையாரின் பெயரைப் பிரம்பாக்கி, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளை அடிக்காதீர்கள். அவருடைய சரித்திரம், “உழைத்தால் எந்தக் கதவும் தானாகத் திறக்கும்” என்று சொல்லவில்லை. உழைத்து வந்தவளுக்கும் கதவு சாத்தியே இருந்தது என்றும், உள்ளேயிருந்து ஒருவர் திறக்க வேண்டியிருந்தது என்றும் சொல்கிறது. கதவு திறக்கவில்லை என்றால் பிள்ளை தோற்றுவிட்டாள் என்று அர்த்தமில்லை. எடின்பரோவில் கதவு சாத்தியபோது தோற்றது அந்தப் பெண்கள் அல்ல, எடின்பரோதான். மதிப்பெண் என்பது ஒரு நாள், ஒரு மண்டபத்தில், சில மணி நேரம் எடுத்த அளவு. மலையைத் தூக்கக்கூடியவனையும் அது மூலிகை தெரியாதவன் என்றே எழுதிவைக்கும்.

படிக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை உண்டு. படிப்பதில் குறை வைக்காதீர்கள்; அது உங்கள் பங்கு. 1902இல் முத்துலட்சுமி மெட்ரிகுலேஷன் தேறாமல் இருந்திருந்தால், மன்னர் எத்தனை நல்லவராக இருந்தும் பிரயோஜனம் இல்லை. ஆனால் உங்கள் பங்கு எது, ஊரின் பங்கு எது என்று பிரித்துப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். ஊரின் குற்றத்தை உங்கள் கணக்கில் எழுதிக்கொண்டு வருந்தாதீர்கள்.

முத்துலட்சுமி அம்மையார் இந்தக் கணக்கைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார் என்பதற்கு அவருடைய பிற்கால வாழ்க்கையே சாட்சி. பட்டம் வாங்கியதும், “நான் முட்டி மோதி வந்தேன், நீங்களும் முட்டி மோதி வாருங்கள்” என்று அவர் மற்றவர்களுக்குச் சொல்லவில்லை. சென்னைச் சட்டசபையில் அங்கத்தினராகி, 1927இல் அதன் துணைத் தலைவராகவும் ஆனார். தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டசபையில் போராடினார். 1947இல் அதற்குச் சட்டம் வந்தது. தம்முடைய தங்கை புற்று நோயால் இறந்த துயரத்தை மறக்காமல், 1954இல் அடையாறில் புற்று நோய் மருத்துவமனை ஏற்படும் வரையில் ஓயவில்லை.

இவையெல்லாம் பெரிய காரியங்கள். எனக்கு மிகவும் பெரிதாகப் படுவது வேறொன்று. 1930ஆம் வருஷம், பொட்டுக்கட்டும் வாழ்க்கையிலிருந்து தப்பி ஓடி வந்த இளம் பெண்கள் சிலர் அம்மையாரின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். விடுதிகள் அவர்களை ஏற்க மறுத்தன. அவர்கள் பிறந்த குலம் ஆட்சேபமாம்! முத்துலட்சுமி அந்த ஆட்சேபத்தை இதற்கு முன் எங்கேயோ கேட்டிருக்கிறார் அல்லவா? அந்தப் பெண்களை அவர் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. வீட்டிலேயே வைத்துக்கொண்டார். ஔவை இல்லம் இப்படித்தான் பிறந்தது.

ஒரு மன்னர் ஒரு நாள் ஒரு கதவைத் திறந்தார். அதன் வழியாக உள்ளே போனவர், பிறகு வருகிறவர்களுக்காக அந்தக் கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் பட்டத்தைவிட இது கடினமான பரீட்சை. இதில் தேறியவர்களின் தொகை எந்தக் காலத்திலும் குறைவாகவே இருக்கிறது.